பங்காளிக்குப் பெண்பால் உண்டா?

முதன்முறையாக ஒரு நிறுவனம் தொடங்கி, அதை அதிவேகமாக வளர்த்தெடுப்பது எப்படி என்று கற்றுத்தரும் நூல்களைச் சென்ற கோடை விடுமுறையில் வரிசையாக வாசித்தேன். நான் வணிகவியல் படித்தவள் அல்ல. பெண்கள் கல்லூரி ஒன்றில் தமிழ் சொல்லித்தருபவள். ஆனால் எங்கள் மாணவிகள் எந்தத் துறையில் படித்தாலும் இப்போது தொழில்முனைவு வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது. அங்கே திரும்பத் திரும்ப அவர்கள் காதில் விழுபவை மூன்று: பீட்டர் தீலின் ‘ஜீரோ டு ஒன்’ (2014), எரிக் ரீஸின் ‘தி லீன் ஸ்டார்ட்அப்’ (2011), பால் கிரகாமின் கட்டுரைகள். மூன்றும் அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் விளைந்தவை. கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் பெண்ணுக்கும் இவைதாம் பாடம் என்றால், இலக்கியப் பிரதிகளிடம் நாம் கேட்கும் கேள்விகளை இவற்றிடமும் கேட்கலாம். பேசுபவர் யார்? யாரிடம் பேசுகிறார்? யாரைப் பற்றிப் பேசாமல் கடந்து போகிறார்?

வாசித்து முடித்தபோது எனக்குத் தெளிவானது ஒன்று. இந்த நூல்கள் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசுகின்றன. பங்கைப் பற்றிக் கொஞ்சமாகப் பேசுகின்றன. அந்தப் பங்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை. துணிச்சல் நம் பெண்களுக்குப் பழக்கமான பொருள். அவர்கள் கைக்கு வராமல் போனது ஏட்டில் பெயர்.

*

காப்பியத்துக்கு இலக்கணம் சொன்னவர்கள், தனக்கு நிகரில்லாத தலைவன் ஒருவன் அதற்கு வேண்டும் என்றார்கள். ஸ்டார்ட்அப் நூல்களின் ‘நிறுவனர்’ அந்த மரபில் வந்தவர்தான். தீல் தன் நூலின் பிற்பகுதியில் நிறுவனர்களைப் பழங்கதை மன்னர்களோடும் பலியாடுகளோடும் ஒப்பிட்டு ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். பேபால் நிறுவனத்தைத் தொடங்கிய ஆறு பேரில் நான்கு பேர் பள்ளி நாள்களிலேயே வெடிகுண்டு செய்து பார்த்தவர்கள் என்று அங்கே ஒரு தகவல் வருகிறது. அசாதாரணமானவர்களே நிறுவனர்களாகிறார்கள் என்பதற்குச் சான்றாக அதைத் தருகிறார். நான் அந்த இடத்தில் சற்று நின்றேன். எங்கள் ஊர்களில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி ரகசியமாகக் கைப்பேசி வைத்திருந்தாலே படிப்பு நின்றுவிடும். குறும்பும் விதிமீறலும் மேதைமையின் முன்னறிகுறியாக எண்ணப்படுவது யாருக்கு என்பதை நூல் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

தலைவன் இளைஞனாக இருக்க வேண்டும் என்பதும் இந்தக் கதைகளின் எழுதப்படாத விதி. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட இருபது வயதுப் பையன்தான் நம் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரம். பொருளியலாளர் பியர் அசூலேயும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் புதிய நிறுவனங்களைப் பெருந்தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து, 2018இல் ஒரு முடிவை முன்வைத்தார்கள். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களின் நிறுவனர்கள், தொடங்கியபோது சராசரியாக 45 வயதினர். இந்தியாவில் நைகா நிறுவனத்தை ஃபால்குனி நாயர் 2012இல் தொடங்கியபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். 2021 நவம்பரில் அது பங்குச் சந்தைக்கு வந்தது. முதலீட்டு வங்கித் துறையில் பல ஆண்டுகள் உயர்பதவியில் இருந்த அனுபவமும் தொடர்புகளும் அவருக்கு இருந்தன என்பதை மறைத்துவிட்டு அவரை உதாரணம் காட்டுவது நேர்மையாகாது. என்றாலும் ஒன்று தெரிகிறது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, ஒரு துறையின் உள்ளும் புறமும் தெரிந்த பிறகு தொடங்குவது தாமதம் அல்ல. தாமதம் என்று நம்மை நம்பவைத்தது கதையின் தேவை.

*

ஸ்டார்ட்அப் என்றால் என்ன? கிரகாம் 2012இல் எழுதிய கட்டுரையில் தெளிவாக வரையறுக்கிறார்: வேகமாக வளர்வதற்கென்றே வடிவமைக்கப்பட்ட நிறுவனம். புதிதாகத் தொடங்கப்பட்டது என்பதாலேயே எதுவும் ஸ்டார்ட்அப் ஆகிவிடாது. முடிதிருத்தும் கடை ஸ்டார்ட்அப் அல்ல என்கிறார். அவர் நடத்திய ஒய் காம்பினேட்டர் பயிற்சியில் வாரத்துக்கு 5 முதல் 7 விழுக்காடு வளர்ச்சி நல்ல வளர்ச்சி. 10 என்றால் அபாரம். கேட்கச் சிறிய எண்கள். கூட்டு வட்டிக் கணக்குப்போல வாரம்தோறும் பெருக்கிக்கொண்டே போனால், வாரம் 5 விழுக்காடு ஓர் ஆண்டில் 12 மடங்கைத் தாண்டும். 7 விழுக்காடு 33 மடங்கைத் தாண்டும். 10 விழுக்காடு 142 மடங்காகும்.

இந்த வரையறையை நான் மதிக்கிறேன். ஏனென்றால் நம் கல்லூரிகளில் நடக்கும் ஒரு ஏமாற்றை அது அம்பலப்படுத்துகிறது. தொழில்முனைவோர் நாள் என்று விழா எடுப்பார்கள். பெண்களுக்கு மேசை போட்டுக் கொடுத்து, ஊறுகாய், மருதாணி, சணல் பை, காதணி விற்கச் சொல்வார்கள். மாலையில் ‘இளம் ஸ்டார்ட்அப் நிறுவனர்’ என்று சான்றிதழும் கொடுப்பார்கள். இருபாலர் படிக்கும் கல்லூரிகளுக்கு நடுவராகப் போனபோது கவனித்திருக்கிறேன்: செயலியும் இயந்திரமும் ஆண்கள் மேசையில், தின்பண்டமும் கைவினையும் பெண்கள் மேசையில். ஊறுகாய் விற்பது கௌரவமான தொழில். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் தொழில். ஆனால் ஒரே நாளில் 20 பாட்டில் போடும் கையால் அடுத்த ஆண்டு 600 பாட்டில் போட முடியாது. வளர்ச்சியின் கணக்கைச் சொல்லித்தராமல் பெயரை மட்டும் சூட்டுவது பெண்களை மகிழ்வித்து ஓரத்தில் உட்காரவைக்கும் வழி. எது கடை, எது ஸ்டார்ட்அப் என்ற வேறுபாடு தெரிந்தால்தான் ஒருத்தி தனக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியும்.

கிரகாம் 2013இல் எழுதிய இன்னொரு கட்டுரை, இதற்கு எதிர்த்திசையில் செல்வதுபோலத் தோன்றும். தொடக்கத்தில், பெருக்க முடியாத வேலைகளைக் கையாலேயே செய்யுங்கள் என்கிறது அது. ஏர்பிஎன்பி நிறுவனர்கள் நியூயார்க்கில் வீடு வீடாகப் போய் வாடிக்கையாளர்களைச் சேர்த்ததையும் அவர்களுடைய விளம்பரங்களைச் செம்மைப்படுத்த உதவியதையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. இந்தக் கட்டுரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசு, அவர் கேட்காததையும் கவனித்துச் செய், ஒருவரை மகிழ்விப்பது எப்படி என்று முதலில் கற்றுக்கொள் என்னும் அறிவுரை, புதிதாகத் தொடங்கும் எவருக்கும் பயன்படும்.

ஆனால் வாசிக்க வாசிக்க ஒரு சிரிப்பு வந்தது. விருந்தாளி வாய் திறக்குமுன் அவர் பசியை அறிவது, ஒவ்வொருவருக்கும் எது ஒத்துக்கொள்ளாது என்று நினைவில் வைத்திருப்பது, கையால் செய்து செய்து தீராத வேலையை மறுநாளும் செய்வது. இதைத்தானே நம் அம்மாக்கள் அறுபது ஆண்டுகளாகச் செய்துவந்தார்கள்? நிறுவனருக்கு இது தொடக்கக் காலத்துத் தவம். சில மாதம் செய்துவிட்டு, கற்றதை மென்பொருளிடமும் ஊழியரிடமும் ஒப்படைத்துவிட்டு அவர் மேலேறுவார். அந்தச் சில மாதமும் அவர் வரலாற்றில் பொன்னெழுத்தில் பதிவாகும். பெண்ணுக்கு அது ஆயுள் முழுவதும், பதிவேடு கிடையாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். வாரம் 7 விழுக்காடு வளர்ச்சி என்று எழுதும்போது, எழுதுபவர் அந்த ஐந்து மணி நேரத்தை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறார்.

தோல்வியைப் பற்றி ரீஸ் சொல்வதையும் இந்த இடத்தில் சேர்த்து வாசிக்க வேண்டும். முழுப் பொருளையும் செய்து முடித்துவிட்டுச் சந்தைக்குப் போகாதே; சிறிதாகச் செய், அளந்து பார், கற்றுக்கொள், தேவைப்பட்டால் திசை மாற்று என்பது அவருடைய முறை. மிக நல்ல முறை. ஆனால் தோற்றுக் கற்பதற்கு, தோற்ற பிறகு திரும்பிவர ஓர் இடம் வேண்டும். சிலிக்கான் பள்ளத்தாக்கில் தோற்ற நிறுவனம் ஒரு பட்டம் மாதிரி. அடுத்த முதலீட்டாளரிடம் பெருமையாகச் சொல்லலாம். நம் வீடுகளில் பையன் தோற்றால் அனுபவம், பெண் தோற்றால் ஜாதகம் வெளியே வரும். எனவே ஒரு பெண் முதலில் திட்டமிட வேண்டியது பொருளையல்ல, தோற்கும் உரிமையை. எத்தனை மாதம், எவ்வளவு பணம், அதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருப்பது யார் பொறுப்பு என்று வீட்டில் முன்னதாகவே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பேச்சைப் பற்றி எந்த நூலிலும் ஒரு பத்தி இல்லை.

*

முதலீட்டாளர் முன் நின்று பேசும் காட்சி இந்தக் கதைகளின் சுயம்வரம். வில்லை யார் வளைக்கிறார்களோ அவர்களுக்கு மாலை. திறமைக்கு மட்டுமே மதிப்பெண் என்று சொல்லப்படும் அந்த அரங்கை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். டானா கான்ஸும் அவருடைய சகாக்களும் நியூயார்க்கில் நடந்த டெக்கிரஞ்ச் போட்டியின் கேள்வி பதில்களை ஆராய்ந்தார்கள். ஆண்களிடம் கேட்கப்பட்டவற்றில் 67 விழுக்காடு, எவ்வளவு வளர்வாய், எவ்வளவு வெல்வாய் என்ற வகைக் கேள்விகள். பெண்களிடம் கேட்கப்பட்டவற்றில் 66 விழுக்காடு, இழக்காமல் எப்படிக் காப்பாய், இருப்பதை எப்படித் தக்கவைப்பாய் என்ற வகை. கேள்விக்கேற்ற பதில்தானே வரும்? காப்பதைப் பற்றிக் கேட்டால் காப்பதைப் பற்றியே பேசுவோம், பேச்சு அந்த அளவில் சுருங்கும், பணமும் சுருங்கும். ஆனால் காக்கும் கேள்விக்கு வளரும் பதிலைச் சொன்னவர்கள் பல மடங்கு கூடுதலாக முதலீடு பெற்றார்கள் என்பதும் அந்த ஆய்வில் உண்டு. மாணவிகள் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி அது. ‘உள்ள வாடிக்கையாளர்களைப் போகாமல் எப்படிப் பிடித்துவைப்பாய்?’ என்று கேட்டால், அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, ‘அவர்களைக் கொண்டு இன்னும் எத்தனை பேரைச் சேர்ப்பேன் என்று சொல்கிறேன்’ என்று தொடர வேண்டும்.

குரலே தடையாக நிற்கும் இடமும் உண்டு. அலிசன் வுட் புரூக்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தொழில் திட்டத்தை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கேட்கவைத்தார்கள். 68 விழுக்காட்டினர் ஆண் குரலில் ஒலித்த திட்டத்துக்குப் பணம் தர முன்வந்தார்கள். பெண் குரலுக்கு 32. அமெரிக்காவில் பெண்கள் மட்டுமே நிறுவிய நிறுவனங்களுக்குத் துணிகர முதலீட்டில் சென்ற சில ஆண்டுகளாகக் கிடைப்பது சுமார் 2 விழுக்காடுதான்.

லாஸ் ஏஞ்சலிஸில் விட்ச்சி என்ற கலைப்பொருள் விற்பனைத் தளத்தைத் தொடங்கிய பெனலபி காஸின், கேட் டுவையர் என்ற இரு பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தங்கள் கடிதங்களுக்கு மதிப்பான பதில் வரவில்லை என்று தெரிந்ததும், கீத் மேன் என்று இல்லாத ஒரு ஆண் கூட்டாளியை உருவாக்கி அவர் பெயரில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். பதில்கள் விரைவாகவும் பணிவாகவும் வரத் தொடங்கின. 2017இல் இந்தச் செய்தி வெளியானபோது உலகமே சிரித்தது. தமிழ் வாசகிக்கு இதில் இன்னொரு அடுக்கும் தெரியும். நம் மொழியில் ரங்கராஜன் தன் மனைவியின் பெயரைச் சூடி சுஜாதா ஆனார். ஆண் பெண்பெயரைச் சூடினால் அது ஒரு ரசிகத்தன்மை, வாசகரோடு ஆடும் விளையாட்டு. பெண் ஆண்பெயரைத் தேடிப் போனால் அது பிழைப்பு.

*

இப்போது பணத்துக்கு வருகிறேன். முதல் பணத்தை நண்பர்களிடமும் குடும்பத்திடமும் திரட்டு என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. குடும்பத்தின் பணம் எங்கே இருக்கிறது? நம் வீடுகளில் அது பெரும்பாலும் பெண்களின் கழுத்திலும் காதிலும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் பொருளையெல்லாம் தொலைத்துவிட்டுத் திரும்பிவரும் கோவலன், மதுரைக்குப் போய் மறுபடி வணிகம் தொடங்கக் கண்ணகியின் காற்சிலம்பை முதலாக எடுத்துக்கொள்கிறான். அவள் கேள்வி கேட்காமல் கொடுக்கிறாள். நம் மரபு அந்தக் கொடையைக் கற்பின் அடையாளமாக வாசித்தது. அது ஒரு முதலீடு என்று நாம் வாசிக்கவில்லை. வணிகர் மகளான கண்ணகிக்குச் சிலம்பின் விலை தெரியாதா, வணிகம் தெரியாதா? அவள் கூட்டாளியாகப் போகவில்லை, துணையாகப் போனாள். பாண்டியன் அவையில் அவள் செய்த காரியம், தன் சிலம்பின் உள்ளே இருப்பது என்ன என்று சொல்லி, உடைத்துக் காட்டி, உடைமையை நிறுவியது. சான்று அவளிடம் இருந்தது. அதைக் காட்டும் வாய்ப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 1981இல் இன்ஃபோசிஸ் தொடங்கப்பட்டபோது நாராயண மூர்த்திக்கு அவர் மனைவி சுதா மூர்த்தி தன் சேமிப்பிலிருந்து 10,000 ரூபாய் கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆயிரம் மேடைகளில் சொல்லப்பட்டுவிட்டது. சுதா மூர்த்தி டெல்கோ நிறுவனத்தின் முதல் பெண் பொறியாளர். நிறுவனர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். கணவன், மனைவி இருவரும் ஒரே நிறுவனத்தில் இருக்கக் கூடாது என்று மூர்த்தி வைத்த கொள்கையால் அவர் வெளியே நின்றார். அந்தக் கொள்கை தவறு என்று மூர்த்தியே 2024இல் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார். குடும்பத்துக்குப் பின்னாளில் கிடைத்த பங்குச் செல்வம் வேறு கணக்கு. நான் பேசுவது நிறுவனர் என்ற பெயரைப் பற்றி. அந்தப் பத்தாயிரம் ரூபாய்க் கதையைச் சொல்லும்போது நாம் கண் கலங்கிக் கைதட்டுகிறோம். கைதட்டு ஓய்ந்த பிறகாவது, முதல் போட்டவள் ஏன் நிறுவனர் இல்லை என்று கேட்டிருக்க வேண்டும்.

பெயர் விடுபடுவது அமெரிக்காவிலும் நடக்கிறது. ஒய் காம்பினேட்டரின் நான்கு நிறுவனர்களில் ஒருவர் ஜெசிகா லிவிங்ஸ்டன். செய்திகளில் அவர் பெயர் தொடர்ந்து விடுபடுவதைச் சுட்டிக்காட்டி, அவர் கணவரான கிரகாமே 2015இல் தனிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. விட்னி வுல்ஃப், டிண்டர் செயலியின் தொடக்கக் குழுவில் இருந்தவர். பாலியல் தொல்லைக்கு ஆளானதாகவும் இணை நிறுவனர் என்ற பெயர் தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதாகவும் 2014இல் வழக்குத் தொடுத்தார். தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதே ஆண்டு அவர் பம்பிளைத் தொடங்கினார். 2021இல், 31 வயதில், அதைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இந்த வெற்றிக் கதையிலும் தொடக்கக் காலப் பங்குக் கணக்கைப் பார்க்க வேண்டும்: பணம் போட்ட ஆந்த்ரே ஆந்த்ரேயெவுக்கு 79 விழுக்காடு, வுல்ஃபுக்கு 20. பெண்ணின் பெயரால் உலகம் அறிந்த நிறுவனத்தின் ஏடு அப்படித்தான் இருந்தது.

*

பங்கு என்ற சொல்லிலிருந்து பிறந்தது பங்காளி. தொழிலாளி, அறிவாளி, உழைப்பாளி போல இதுவும் ‘ஆளி’ என்று முடியும் சொல். இருபாலுக்கும் பொருந்தும் சொல். இலக்கணம் எங்கும் தடுக்கவில்லை. வழக்கு தடுத்தது. நம் ஊர்களில் பங்காளி என்றால் ஒரே வழியில் வந்த ஆண்கள். சொத்தில் பங்கு கேட்கும் உரிமை உள்ளவர்கள். அந்த வீட்டில் பிறந்த பெண் பங்காளி ஆகமாட்டாள். செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கோரித் தீர்மானம் போட்டது 1929இல். தமிழ்நாட்டில் மகளையும் பிறப்பால் கூட்டுப் பங்குதாரர் ஆக்கிய சட்டத் திருத்தம் வந்தது 1989இல். அதுவும் அப்போது திருமணமாகாதவர்களுக்கு. இந்தியா முழுமைக்கும் 2005இல். சட்டம் வந்த பிறகும், அண்ணன் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட எத்தனை பெண்களை நமக்குத் தெரியும்?

புதிய நிறுவனங்களில் இந்த வழக்குப் புது உருவம் எடுக்கிறது. அரசு அங்கீகரித்த ஸ்டார்ட்அப்களில் ஏறத்தாழப் பாதியில் குறைந்தது ஒரு பெண் இயக்குநராவது இருக்கிறார் என்று பெருமையோடு சொல்லப்படுகிறது. கேட்க மகிழ்ச்சிதான். ஆனால் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் பதிவு செய்யக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும். இரண்டாவது பெயருக்கு மனைவியோ அம்மாவோ அக்காவோ கையெழுத்துப் போடுவது எளிது. இயக்குநராக இருப்பது வேறு, பங்குதாரராக இருப்பது வேறு. இயக்குநருக்குப் பொறுப்பு உண்டு. பங்கு இருந்தாக வேண்டியதில்லை. அமெரிக்காவில் கார்ட்டா நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, நிறுவனர்களில் 13 விழுக்காட்டினர் பெண்கள் என்றும் நிறுவனர் பங்குகளின் மதிப்பில் அவர்கள் கையில் இருந்தது 6 விழுக்காடு என்றும் சொன்னது. உள்ளே வந்த பிறகும் பாதி.

என்னிடம் படித்த ஒருத்தி, மொழி கற்பிக்கும் செயலி ஒன்றில் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஒன்றரை ஆண்டு உழைத்தாள். பாடங்கள் முழுவதையும் எழுதியது அவள். பயன்படுத்துபவர்களுக்குத் தினமும் தொலைபேசியில் பேசி, எது புரிகிறது, எது புரியவில்லை என்று குறித்தது அவள். நிறுவனம் பதிவானபோது இருவர் பெயர் மட்டும் இருந்தது. சட்டப்படி இரண்டு பேர் போதுமே என்றார்கள். பங்கைப் பற்றிக் கேட்டபோது அவளுக்கு உள்ளடக்கத் தலைவர் என்று ஒரு பதவி வழங்கினார்கள். “நீ கல்யாணம் ஆகிப் போயிடுவேல்லன்னு கேக்குறாங்க மேம். அதுக்கு என்ன பதில் சொல்றது?” என்றாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. வழக்கறிஞரைப் பார் என்றேன். வழக்கறிஞர் சொன்னது எங்கள் இருவருக்குமே புதிய செய்தி. அவள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவள் அல்ல. பாடங்களின் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுத்தவளும் அல்ல. ஆகவே 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அந்தப் பாடங்கள் அவளுடையவை. அதைச் சொன்ன பிறகு பேச்சின் தொனி மாறியது. இரண்டு மாதத்தில் பங்கு ஒப்பந்தம் வந்தது. சிலம்பின் உள்ளே இருப்பது என்ன என்று இவள் நேரத்தோடு தெரிந்துகொண்டாள்.

தீல் தன் நூலில், கூட்டு நிறுவனரைத் தேர்ந்தெடுப்பது திருமணம் போன்றது என்றும் நிறுவனர்களின் பிரிவு மணமுறிவைப் போலக் கசப்பானது என்றும் எழுதுகிறார். அடித்தளத்தில் கோணலாகப் போனதைப் பிறகு நிமிர்த்த முடியாது என்பதும் அவர் வாதம். ஒப்புக்கொள்கிறேன். அவருடைய உவமையை அவரைவிட நாம் நன்றாக அறிவோம். பேச்சுவார்த்தையில் எல்லாம் ‘நமக்குள்ள என்ன’ என்று விட்டுவிட்டு, பிறகு எதற்கும் சான்றில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். ஆகவே ‘நமக்குள்ள என்ன’ என்று யாராவது சொன்னால், அந்த நொடியே காகிதத்தை எடுக்க வேண்டும்.

காகிதத்தில் என்ன பார்ப்பது? ஒன்று, எத்தனை பங்குகளில் உனக்கு எத்தனை. பத்து விழுக்காடு தருகிறோம் என்று வாயால் சொல்வது போதாது. நூறு பங்கில் பத்து உன்னுடையது. முதலீட்டாளருக்காகப் புதிதாக 25 பங்குகள் வெளியிட்டால் உன் பத்து, 125இல் பத்தாகி எட்டு விழுக்காடாகும். அது இயல்பானது, எல்லாருக்கும் அதே அளவில் குறைகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு, வெஸ்டிங். பங்கு ஒரே நாளில் முழுதாகச் சேராது. நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேர்வதும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் எதுவும் இல்லை என்பதும் பரவலான வழக்கம். பேறுகாலத்துக்காக ஆறு மாதம் ஒதுங்கினால் அந்த மாதங்கள் கணக்கில் வருமா என்பதை அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டால் எதிர்த்தரப்பில் யாரும் நினைவூட்டமாட்டார்கள். மூன்று, நீ உருவாக்கியதை எப்போது, எதற்கு ஈடாக நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறாய். நான்கு, வீட்டு நகையோ சேமிப்போ உள்ளே போனால் அது கடனா, பங்கா, அன்பளிப்பா. அம்மாவின் வளையலாக இருந்தாலும் அம்மாவின் பெயரில் ஒரு தாள் இருக்கட்டும்.

*

எல்லாரும் இந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1959 மார்ச் 15ஆம் நாள் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் கடனாக வாங்கிய 80 ரூபாயில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். லிஜ்ஜத் அப்பளம். இன்று சுமார் 45,000 பெண்கள் அதில் உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் இணை உரிமையாளர். வாரம் 7 விழுக்காடு என்ற கணக்கில் அது வளரவில்லை. பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. கிரகாமின் வரையறைப்படி அது ஸ்டார்ட்அப்பும் அல்ல. உருட்டும் மாவின் எடைக்கேற்ற கூலிதான் அங்கே; அதைச் சொர்க்கமாக வரைய வேண்டியதில்லை. ஆனால் அப்பளம் இடுபவள் அங்கே ஏட்டில் இருக்கிறாள். ஆயிரம் மடங்கு வளர்ந்த பல நிறுவனங்களில், தொடக்க நாளில் கையால் வேலை செய்தவள் இல்லை.

இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. வேகமாக வளரும் நிறுவனம் வேண்டுமென்று ஆசைப்படும் பெண்ணிடம், கூட்டுறவே நமக்குப் பொருத்தம் என்று சொல்வதும் அவளை ஊறுகாய் மேசைக்குத் திருப்பி அனுப்புவதுதான். அவள் ஆசைப்படட்டும். 33 மடங்கு ஆசைப்படட்டும். தீலையும் ரீஸையும் கிரகாமையும் படிக்கட்டும். அவற்றில் கற்க நிறைய இருக்கிறது. அவற்றோடு நிறுவனத்தின் பங்குப் பதிவேட்டையும் ஒரு பிரதியாக வாசிக்கப் பழகட்டும். அதற்கு உரையாசிரியர் யாரும் தேவையில்லை. அதில் இருப்பவை பெயர்களும் எண்களும் மட்டும்.

‘ஆளி’ என்ற விகுதி இருபாலுக்கும் பொது என்று இனி வகுப்பில் சொல்லும்போது, தொழிலாளியோடும் அறிவாளியோடும் பங்காளியையும் எடுத்துக்காட்டாக எழுதிப்போடப் போகிறேன். சொல்லைப் பொதுவாக்குவது இலக்கண ஆசிரியையின் வேலை. பங்கைப் பொதுவாக்குவது, கையெழுத்துப் போடுமுன் ஏட்டைக் கேட்டு வாங்கி வாசிக்கும் பெண்ணின் வேலை.